அடுத்த பெருந்தொற்றுக்கு எந்த நாட்டைப் பார்த்துத் தயாராவது? பிரிட்டன், ஜெர்மனி, தென்கொரியா: ஓர் ஒப்பீடு

2019 அக்டோபரில் உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு என்றொரு பட்டியல் வெளியானது. பெருந்தொற்று வந்தால் தாக்குப்பிடிக்கும் தயாரிப்பு எந்த நாட்டிடம் எவ்வளவு இருக்கிறது என்று 195 நாடுகளுக்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். முதலிடம் அமெரிக்காவுக்கு, இரண்டாமிடம் பிரிட்டனுக்கு. தென்கொரியா ஒன்பதாவது, ஜெர்மனி பதினான்காவது. அடுத்த சில மாதங்களிலேயே கோவிட் வடிவில் உண்மையான பரீட்சை வந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வழக்கத்துக்கு மேல் நேர்ந்த மரணங்களை உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டபோது, ஆண்டுக்கு லட்சம் பேருக்கு அமெரிக்காவில் சுமார் 140, பிரிட்டனில் 109, ஜெர்மனியில் 73 என்று வந்தது. தென்கொரியாவின் எண் ஒற்றை இலக்கத்தில் நின்றது. (ஜெர்மனிக்கு முதலில் 116 என்று அறிவித்துவிட்டுப் பிறகு கணக்கைத் திருத்தினார்கள். இந்த எண்களைத் தசமப்புள்ளி வரை நம்பக் கூடாது என்பதற்கு அதுவே போதும்.)

இந்தப் பேச்சு வந்தாலே நம் பக்கத்தில் வழக்கமாக எழும் வாதம் ஒன்று உண்டு: அரசே எல்லாம் நடத்துவது நல்லதா, காப்பீடு நல்லதா, தனியார் நல்லதா? முதல் நூறு நாட்களைப் பொறுத்தவரை அந்த வாதத்தால் பெரிய பயன் இல்லை. வரிப்பணத்தில் இலவசமாக இயங்கும் பிரிட்டன் தடுமாறியது. மருத்துவமனைகளில் பெரும்பாலானவை தனியார் கையில் இருக்கும் கொரியா தாக்குப்பிடித்தது. அதே பிரிட்டன் வேறு இரண்டு விஷயங்களில் கொரியாவையும் ஜெர்மனியையும் மிஞ்சியது. எந்த வேலையை மத்தியில் வைத்தார்கள், எந்த வேலையை ஊரளவில் விட்டார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் இது புரிகிறது. ஒரு நாட்டை மொத்தமாகப் பின்பற்றுவதைவிட, ஒவ்வொரு வேலைக்கும் அதைச் சரியாகச் செய்த நாட்டைப் பார்ப்பதே மேல்.

மூன்றின் அமைப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனின் என்.எச்.எஸ். என்ற தேசியச் சுகாதாரச் சேவை 1948இல் தொடங்கியது. வரிப்பணத்தில் நடக்கிறது, நோயாளி பணம் கட்டுவதில்லை, ஆயிரம் பேருக்குச் சுமார் இரண்டரை மருத்துவமனைப் படுக்கைதான் உண்டு. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் தனித்தனியாக முடிவெடுப்பதால், கீழே சொல்பவை பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியவை. ஜெர்மனியில் சுமார் நூறு பொதுக் காப்பீட்டு நிதியங்கள் பத்தில் ஒன்பது பேருக்குக் காப்பீடு தருகின்றன. ஆயிரம் பேருக்கு எட்டுப் படுக்கை இருக்கிறது. பொதுச் சுகாதாரத்தைச் சுமார் 375 உள்ளூர்ச் சுகாதார அலுவலகங்கள் பார்க்கின்றன. கொரியாவில் ஒரே தேசியக் காப்பீடு. ஆயிரம் பேருக்குப் பன்னிரண்டு படுக்கைக்கு மேல் உண்டு, ஆனால் அரசு மருத்துவமனைகளின் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குதான்.

பரிசோதனை: அனுமதி யார் கையில்

கொரியாவின் வேகத்துக்குப் பின்னால் ஒரு பழைய அடி இருக்கிறது. 2015இல் மெர்ஸ் என்ற சுவாச நோய் வந்தபோது அங்கே 186 பேருக்குத் தொற்றி 38 பேர் இறந்தார்கள். முதல் நோயாளி பல மருத்துவமனைகளில் ஏறி இறங்கியிருந்தார். எந்தெந்த மருத்துவமனையில் தொற்று பரவியது என்பதை அரசு தொடக்கத்தில் வெளியிடவில்லை. பரிசோதனை ஏறக்குறைய அரசு ஆய்வகங்களோடு நின்றது. அதன் பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். நெருக்கடிக் காலத்தில் பரிசோதனைக் கிட்டுகளுக்கு அவசர அனுமதி தரும் வழி உருவானது. தொற்று விசாரணை அதிகாரிகளுக்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது.

2020 ஜனவரி 27 அன்று நாட்டில் உறுதியான நோயாளிகள் நான்கே பேர். அன்று சியோல் ரயில் நிலையத்தில் ஒரு கூட்ட அறையில், கிட் தயாரிக்கும் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அதிகாரிகள் கூட்டினார்கள். வைரஸின் எந்தப் பகுதியைத் தேட வேண்டும் என்பதைச் சொன்னார்கள், சரியாக வேலை செய்தால் வேகமாக அனுமதி தருவோம் என்றார்கள். பிப்ரவரி 4இல் முதல் கிட்டுக்கு அனுமதி கிடைத்தது. அதே வாரத்திலேயே தனியார் ஆய்வகங்களிலும் பரிசோதனை தொடங்கியது. டேகு நகரில் ஷின்சோன்ஜி என்ற மதக்குழுவின் கூட்டங்கள் வழியாகப் பெரிய பரவல் வெளிப்பட்டது பிப்ரவரி 18இல். இடையில் இரண்டு வாரம் கிடைத்தது, எல்லாம் அந்த இரண்டு வாரத்தில் இருக்கிறது.

ஜெர்மனி இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தது. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் உருவாக்கிய பிசிஆர் முறையை உலகச் சுகாதார நிறுவனம் ஜனவரி மத்தியிலேயே வெளியிட்டது. பல்கலைக்கழக ஆய்வகமோ தனியார் ஆய்வகமோ, அந்த முறையைத் தங்கள் இயந்திரத்தில் தாங்களே சரிபார்த்துக்கொண்டு தொடங்க முடிந்தது. மேலிடத்திலிருந்து கிட் வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. செலவைக் காப்பீடு ஏற்றது.

அமெரிக்கா இதற்கு நேர்மாறு. நோய்க் கட்டுப்பாட்டு மையம் தானே ஒரு கிட் செய்து பிப்ரவரி முதல் வாரத்தில் மாநில ஆய்வகங்களுக்கு அனுப்பியது. அதில் ஒரு பகுதி பழுதாக இருந்ததால் தண்ணீரை வைத்தாலும் தொற்று இருப்பதுபோல் காட்டியது. மற்ற ஆய்வகங்கள் தங்கள் முறையைப் பயன்படுத்தலாம் என்று விதி தளர்ந்தது பிப்ரவரி 29இல். ஒரே கிட்டை நம்பி, மாற்று வழியையும் விதியால் அடைத்து வைத்திருந்ததால் ஒரு மாதம் போனது. கிட் பழுதாவது எங்கும் நடக்கக்கூடியது. மாற்று இல்லாததுதான் பிழை.

பிரிட்டனில் அறிவியல் பற்றாக்குறை இல்லை. சோதனை முறை ஜனவரியிலேயே கையில் இருந்தது. ஆனால் அதைப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் சில ஆய்வகங்களில் மட்டும் நடத்தினார்கள். நாளொன்றுக்குச் சில ஆயிரம் சோதனைகளைத் தாண்ட முடியாத நிலையில், மார்ச் 12 அன்று ஊருக்குள் சோதனையும் தடமறிதலும் (நோயாளியோடு பழகியவர்களைத் தேடுவது) நிறுத்தப்பட்டன. இருந்த சோதனைகள் மருத்துவமனை நோயாளிகளுக்கு ஒதுக்கப்பட்டன. ஏப்ரலில் மில்டன் கீன்ஸ், ஆல்டர்லி பார்க், கிளாஸ்கோ ஆகிய இடங்களில் பிரம்மாண்ட ஆய்வகங்கள் எழுந்தன. எண்ணிக்கை உயர்ந்தது. ஆனால் முடிவுகள் உள்ளூர் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரு வாரியாகப் போய்ச் சேரவில்லை. ஜூன் இறுதியில் லெஸ்டர் நகரில் தொற்று ஏறியபோது, தங்கள் ஊரில் எந்தப் பகுதியில் நோய் இருக்கிறது என்ற விவரம் கைக்கு வர வாரக்கணக்கானதாக அந்நகர நிர்வாகம் குறைகூறியது.

ஆக, முறையும் தரச் சரிபார்ப்பும் மத்தியில் இருக்கட்டும், சோதிக்கும் கை பலவாக இருக்கட்டும், முடிவு நோயாளிக்குப் போகும் அதே நேரத்தில் அந்த ஊர் சுகாதார அலுவலருக்கும் போகட்டும். கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றச் சராசரியாக ஐந்து நாள் ஆகிறது. முடிவு ஐந்தாம் நாள் வந்தால் அந்தச் சோதனை புள்ளிவிவரத்துக்கு மட்டுமே உதவும்.

தடமறிதல்: ஆள் கணக்கு

2020 வசந்தத்தில் ஜெர்மனி ஓர் அளவுகோலை வைத்தது: 20,000 மக்களுக்கு ஐந்து பேர் கொண்ட ஒரு தடமறியும் குழு. இன்னொன்றும் வைத்தது: ஒரு மாவட்டத்தில் ஏழு நாட்களில் லட்சத்துக்கு 50 பேருக்கு மேல் புதிதாகத் தொற்றினால் கட்டுப்பாடுகளை இறுக்க வேண்டும். இந்த 50 எங்கிருந்து வந்தது என்று பலர் குழம்பினார்கள். வைரஸின் குணத்திலிருந்து வந்த எண் அல்ல அது. அதற்கு மேல் போனால் அலுவலகங்களால் தொடர்புகளைத் தேடி முடிக்க இயலாது என்ற கணக்கு.

நம் அளவுக்கு மாற்றிப் பார்ப்போம். 20 லட்சம் பேர் உள்ள ஒரு மாவட்டத்துக்கு அந்த அளவுகோல்படி 500 பேர் வேண்டும். லட்சத்துக்கு 50 என்றால் வாரத்துக்கு 1,000 புதிய நோயாளிகள். ஒருவருக்கு 15 நெருங்கிய தொடர்புகள் என்று வைத்தால் வாரத்துக்கு 15,000 பேர். தனிமை 14 நாள் என்றால் எந்த நேரத்திலும் 30,000 பேர் கண்காணிப்பில் இருப்பார்கள். ஒருவர் நாளுக்கு 60 பேரை அழைத்து விசாரிப்பார் என்றால் 30,000 பேருக்குச் சரியாக 500 ஆட்கள் ஆகிவிட்டார்கள். புது நோயாளியை உட்காரவைத்து ஒரு மணி நேரம் விசாரிக்க ஆளே மிச்சமில்லை. விடுப்பு, நோய், வார ஓய்வு எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஊரடங்கில் தொடர்புகள் மூன்று நான்காகக் குறையும்போதுதான் இது மூச்சுவிடக்கூடிய வேலையாகிறது.

2020 அக்டோபரில் ஜெர்மனியில் நடந்தது இதுதான். அலுவலகங்கள் மூழ்கின. ராணுவ வீரர்களைக் கூட்டி வந்து தொலைபேசியில் உட்கார வைத்தார்கள். பல இடங்களில் ஆய்வக முடிவுகள் தொலைநகலில் தாளாக வந்து, ஒருவர் அதைப் பார்த்து மறுபடி கணினியில் தட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு மென்பொருளை வைத்திருந்ததால் பக்கத்து மாவட்டத்துத் தொடர்பை அனுப்பக்கூட மின்னஞ்சலும் தாளும்தான். கூட்டாட்சியின் நன்மை சோதனையில் தெரிந்தது, அதன் விலை இங்கே தெரிந்தது. அதற்குச் சற்று முன், செப்டம்பர் இறுதியில்தான், 400 கோடி யூரோ ஒதுக்கி 2022 இறுதிக்குள் 5,000 புதிய பணியிடங்கள் என்று முடிவெடுத்திருந்தார்கள். அந்த முடிவு பத்தாண்டுக்கு முன் வந்திருக்க வேண்டியது.

இங்கிலாந்து இதற்கு எதிர்த்திசையில் போய் இதைவிட மோசமாக விழுந்தது. உள்ளூர் சுகாதாரக் குழுக்கள் ஏற்கெனவே இருந்தன. பாலியல் நோய், காசநோய், தட்டம்மை என்று தடமறிந்து பழகியவர்கள். அவர்களைப் பெருக்காமல், 2020 மே 28 அன்று தேசிய அளவில் ஒரு புதிய அமைப்பு, தனியார் அழைப்பு மையங்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை 3,700 கோடி பவுண்டு (முழுவதும் செலவாகவில்லை, அதில் பெரும்பகுதி சோதனைக்குத்தான் என்பதையும் சொல்ல வேண்டும்). தொடக்க மாதங்களில் உள்ளூர் குழுக்கள் எடுத்துக்கொண்ட நோயாளிகளின் தொடர்புகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் எட்டப்பட்டார்கள். அழைப்பு மையங்கள் எட்டியது சுமார் 60 பேரை. இரு தரப்பிடமும் வந்தவர்கள் ஒரே வகை நோயாளிகள் அல்ல, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் ஒரே அழைப்பில் பலரைப் பிடித்துவிடலாம். அதைக் கழித்தாலும் இடைவெளி பெரிது. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை யார் எடுப்பார்கள்? உள்ளூர்க்காரர் கதவைத் தட்டுவார், வீட்டில் பேசும் மொழியில் பேசுவார்.

அதே அமைப்பில் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் கணக்கிலிருந்தே விழுந்துபோனார்கள். ஆய்வக முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றினார்கள், அதில் 65,536 வரிகளுக்கு மேல் நிற்காது. வழிந்தது சத்தமில்லாமல் காணாமல் போனது. அவர்களுக்குத் தொற்று என்ற செய்தி போனது, அவர்களோடு பழகியவர்களைத் தேடச் சொல்லும் தகவல் போகவில்லை. கோப்பு நிரம்பினால் கூவுகிற ஓர் எச்சரிக்கையும், அனுப்பிய எண்ணிக்கையும் பெற்ற எண்ணிக்கையும் தினமும் ஒப்பிடுகிற ஒரு குமாஸ்தாவும் இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

கொரியாவின் தடமறிதலை வேறு தராசில் நிறுக்க வேண்டும். மெர்ஸுக்குப் பிறகு திருத்திய சட்டப்படி விசாரணை அதிகாரி ஒருவரின் கடன் அட்டைச் செலவு, கைபேசி இருப்பிடம், கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். 2020 மார்ச் இறுதியில் இவற்றை ஒரே தளத்தில் இணைத்ததும், ஒருவர் போய்வந்த இடங்களைத் தொகுக்க ஒரு நாள் ஆனது பத்து நிமிடமாகக் குறைந்ததாக அரசு அறிவித்தது. விளைவு பலமானது. விலையும் சிறிதல்ல. வயது, பாலினம், போன கடை, போன நேரம் என்று வெளியிட்டதில் ஆட்களை அக்கம்பக்கத்தார் அடையாளம் கண்டார்கள். 2020 மே மாதம் சியோலின் இட்டேவான் பகுதி இரவு விடுதிகளில் தொற்று பரவியபோது, அவற்றில் சில தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இடங்கள் என்று ஊடகங்கள் எழுத, பலர் சோதனைக்கு வரவே அஞ்சினார்கள். பெயர் வேண்டாம், தொலைபேசி எண் மட்டும் போதும் என்று நகர நிர்வாகம் அறிவித்த பிறகே சோதனை எண்ணிக்கை ஏறியது. வெளியிடுவது இடத்தையும் நேரத்தையும் மட்டும், ஆளைச் சுட்டும் எதையும் அல்ல, 14 நாளில் அழிக்க வேண்டும் என்ற விதிகளைப் பிறகு சேர்த்தார்கள். இந்த அதிகாரத்தைக் கடன் வாங்க நினைப்பவர்கள் அழிக்கும் விதியையும் முதல் நாளே சேர்த்து எழுத வேண்டும். பின்னால் சேர்க்க நம்மூரில் யாருக்கும் நேரம் இருக்காது.

வீட்டில் இருக்கச் சொன்னால் சோறு யார் போடுவது

தடமறிதல் பற்றி எழுதும் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். ஒருவரைக் கண்டுபிடித்துப் பயனில்லை, அவர் வீட்டில் இருக்க முடிய வேண்டும். கொரியாவில் தனிமையில் இருக்கும் ஒருவருக்கு 14 நாளுக்கு 4,54,900 வோன் உதவித்தொகையும் வீட்டு வாசலில் உணவுப் பெட்டியும் வந்தன. தனிமையை மீறினால் உதவி ரத்தானது, அபராதமும் இருந்தது. ஜெர்மனியில் தொற்றுப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு தனிமைப்படுத்தினால் ஆறு வாரம் வரை முழு ஊதியத்துக்கு ஈடு கிடைக்கும். இங்கிலாந்தில் 2020இல் சட்டப்படியான நோய்விடுப்புத் தொகை வாரத்துக்கு 95.85 பவுண்டு, வாரம் 120 பவுண்டுக்குக் கீழ் சம்பாதிப்பவருக்கு அதுவும் இல்லை. குறைந்த வருமானத்தாருக்கு 500 பவுண்டு உதவி தொடங்கியது செப்டம்பர் 28இல், முதல் அலை முடிந்து நான்கு மாதம் கழித்து. டாக்சி ஓட்டுநரும் முதியோர் இல்லப் பணியாளரும் இருமலோடு வேலைக்குப் போனதற்கு விளக்கம் வேறு தேட வேண்டியதில்லை.

படுக்கை, ஆக்சிஜன், ஆள்

டேகுவில் கொரியாவும் முதலில் சறுக்கியது. தொற்றிய எல்லோரையும் மருத்துவமனையில் சேர்ப்பது என்று விதி. பத்து நாளில் படுக்கைகள் லேசான நோயாளிகளால் நிரம்பின. மார்ச் தொடக்கத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் வீட்டில் இடத்துக்காகக் காத்திருந்தார்கள், அவர்களில் சிலர் காத்திருக்கும்போதே இறந்தார்கள். நோயாளிகளை லேசானது, மிதமானது, தீவிரம், மிகத் தீவிரம் என்று நான்காகப் பிரித்தார்கள். மார்ச் 2 முதல் பயிற்சி நிலையங்களையும் விடுதிகளையும் ‘வாழ்க்கைச் சிகிச்சை மையம்’ என்று மாற்றி, லேசானவர்களை அங்கே வைத்தார்கள். ஒவ்வொரு மையமும் ஒரு பெரிய மருத்துவமனையோடு இணைக்கப்பட்டது. நோயாளி நாளுக்கு இரண்டு முறை காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் கைபேசியில் பதிவார், மருத்துவர் காணொளியில் பார்ப்பார், மோசமானால் ஆம்புலன்ஸ். வீட்டில் தனி அறை இல்லாத குடும்பங்கள் நிறைந்த எந்த ஊருக்கும் இதுதான் சரியான மாதிரி. நம்மூரில் கல்லூரி விடுதிகளிலும் திருமண மண்டபங்களிலும் இயங்கிய கோவிட் பராமரிப்பு மையங்களும் இதே வகைதான். அவற்றில் அடிக்கடி விட்டுப்போனது, எந்த மையம் எந்த மருத்துவமனைக்கு நோயாளியை அனுப்பும் என்ற எழுத்துபூர்வ இணைப்பு.

இங்கிலாந்து செய்தது இதற்கு நேர் எதிர். லேசானவர்களுக்கு இடம் தேடாமல், தீவிர நோயாளிகளுக்கு லண்டன் எக்செல் கண்காட்சி அரங்கில் ஒன்பது நாளில் ஒரு தற்காலிக மருத்துவமனை கட்டினார்கள். ஆயிரக்கணக்கான படுக்கைகளுக்குத் திட்டமிட்ட இடத்தில் முதல் அலையில் சிகிச்சை பெற்றவர்கள் 54 பேர். கட்டிடமும் கருவியும் வந்தன. தீவிர சிகிச்சைச் செவிலியர்களை ஒன்பது நாளில் உருவாக்க முடியாது. சாதாரண நாளில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற விகிதத்தை ஆறு பேருக்கு ஒருவர் வரை நீட்ட வேண்டி வந்தது. இன்னொரு பக்கம், படுக்கைகளைக் காலி செய்ய மார்ச் 17 முதல் ஏப்ரல் 15 வரை ஏறத்தாழ 25,000 பேரை மருத்துவமனையிலிருந்து முதியோர் இல்லங்களுக்கு அனுப்பினார்கள். அதில் பெரும்பகுதி நடந்தபோது, அனுப்பும் முன் சோதிக்க வேண்டும் என்ற விதி இல்லை.

ஜெர்மனியிடம் படுக்கை ஏராளம். 2020 மார்ச்சிலிருந்து காலியாக வைத்த ஒவ்வொரு படுக்கைக்கும் நாளுக்கு 560 யூரோ, புதிதாக உருவாக்கிய ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் படுக்கைக்கும் 50,000 யூரோ என்று மருத்துவமனைகளுக்கு அரசு கொடுத்தது. பணம் வாங்கிய படுக்கைகள் எல்லாம் உண்மையில் எங்கே என்று கணக்குத் தணிக்கை அமைப்பு 2021இல் கேள்வி எழுப்பியது. படுக்கைக்குக் காசு கொடுத்தால் படுக்கை என்று எழுதிய காகிதம் வரும். ஆனால் கூடவே செய்த ஒன்று கச்சிதமானது: எல்லா மருத்துவமனைகளும் தினமும் காலி தீவிர சிகிச்சைப் படுக்கைகளைப் பதிய வேண்டிய தேசியப் பதிவேடு. பதியும்போது ஆள் இருக்கும் படுக்கையை மட்டும் எண்ண வேண்டும். 2021 நவம்பரில் பவேரியாவும் கிழக்கு மாநிலங்களும் நிரம்பியபோது, இந்தப் பதிவேட்டைப் பார்த்து நோயாளிகளை வடக்கு மாநிலங்களுக்கு விமானத்தில்கூட மாற்றினார்கள். பதிவேடு மலிவு. இதை நாளையே தொடங்கலாம்.

ஆக்சிஜனைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் வெண்டிலேட்டரைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 1 முதல் 6 லிட்டர், பையுள்ள முகமூடியில் 10 முதல் 15 லிட்டர், உயர் ஓட்டக் கருவியில் 60 லிட்டர் வரை போகும். ஒரு வார்டில் இருபது உயர் ஓட்டக் கருவிகளை ஒரே நேரத்தில் திறந்தால் நிமிடத்துக்கு 1,200 லிட்டர். தொட்டியில் திரவ ஆக்சிஜன் நிறைய இருந்தாலும், அதை வாயுவாக்கும் ஆவியாக்கியும் குழாயும் அந்த வேகத்துக்கு அமைந்திருக்காது. ஆவியாக்கியில் பனி பிடிக்கும், கடைசி வார்டில் அழுத்தம் விழும். 2020 ஏப்ரலில் இங்கிலாந்தின் வாட்ஃபோர்டில் ஒரு மருத்துவமனை இந்த வகைச் சிக்கலில் நோயாளிகளே வர வேண்டாம் என்று அறிவிக்க நேர்ந்தது. படுக்கை கூட்டுவதற்கு முன் ஒவ்வொரு மருத்துவமனையிலும் பொறியாளர் சொல்ல வேண்டிய எண் ஒன்று: உங்கள் குழாய் அதிகபட்சமாக நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தாங்கும்?

பிரிட்டன் மிஞ்சிய இடம்

2020 மார்ச் 19 அன்று ரெக்கவரி என்ற மருந்துச் சோதனையில் முதல் நோயாளி சேர்ந்தார். என்.எச்.எஸ். ஒரே அமைப்பு என்பதால் 170க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் ஒரே நெறிமுறையில் இணைந்தன. படிவம் சுருக்கமானது, தகவல் சேகரிப்பு மிகக் குறைவு, இறப்பும் வீடு திரும்பியதும் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளிலிருந்தே வரும். மூன்று மாதத்தில் 11,500 பேர் சேர்ந்தார்கள். ஜூன் 5இல் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பயனில்லை என்று தெரிந்தது. ஜூன் 16இல் டெக்சாமெத்தசோன் முடிவு வந்தது: நாளுக்கு 6 மில்லிகிராம், பத்து நாள், வெண்டிலேட்டரில் இருப்பவர்களிடம் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெறுபவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயனில்லை. நம் பக்கத்து மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை. இரண்டாம் அலையில் லேசான நோயாளிகளுக்கும் முதல் நாளிலிருந்தே அதைக் கொடுத்த இடங்களில் நடந்த கேட்டுக்குக் காரணம், அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் படிக்காததுதான்.

தடுப்பூசியிலும் அப்படியே. ஊரில் உள்ள குடும்ப மருத்துவரிடம் எல்லோர் பெயரும் வயதோடு பதிவாகியிருப்பதால், யாருக்கு எண்பது வயது, யாருக்குச் சிறுநீரக நோய் என்று பார்த்து அழைக்க முடிந்தது. 2020 டிசம்பர் 8இல் தொடங்கி பிப்ரவரி மத்திக்குள் ஒன்றரைக் கோடிப் பேருக்கு முதல் ஊசி போய்விட்டது. ஜெர்மனியில் அப்படியொரு பட்டியல் அரசின் கையில் இல்லை. லோயர் சாக்சனி மாநிலம் எண்பது வயதுக்காரர்களுக்குக் கடிதம் அனுப்ப, அஞ்சல் நிறுவனத்தின் முகவரிகளில் முதற்பெயரைப் பார்த்து வயதை ஊகிக்க வேண்டியிருந்தது. பழைய காலத்துப் பெயர் என்றால் பாட்டி என்று பொருள்! 2021 அக்டோபரில், எத்தனை பேருக்கு ஊசி போட்டோம் என்ற கணக்கே ஐந்து சதவீதப் புள்ளி வரை குறைவாக இருக்கலாம் என்று அந்நாட்டின் நோய்க் கண்காணிப்பு அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனம் சொல்ல நேர்ந்தது. கொரியா ஊசி வாங்குவதில் தாமதித்து 2021 பிப்ரவரி 26இல்தான் தொடங்கியது. ஆனால் குடியிருப்பு எண்ணும் காப்பீட்டுப் பட்டியலும் ஒன்றாக இருந்ததால் அக்டோபருக்குள் 70 சதவீதத்தை முடித்தது. முகக்கவசப் பங்கீடும் அதே பட்டியலில்தான் நடந்தது: 2020 மார்ச் 9 முதல் மருந்துக்கடையில், பிறந்த ஆண்டின் கடைசி எண்படி கிழமை, ஆளுக்கு வாரம் இரண்டு. தைவான் அதை ஒரு மாதம் முன்பே காப்பீட்டு அட்டையை வைத்துத் தொடங்கியிருந்தது.

எதை முதலில் வாங்குவது

தமிழ்நாட்டையோ இலங்கையையோ மனதில் வைத்து முடிவெடுப்பவருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இரண்டு இடத்திலும் ஜெர்மனியும் இங்கிலாந்தும் கைவிட்ட சொத்து ஏற்கெனவே இருக்கிறது. சென்னை மாகாணத்தின் 1939 பொதுச் சுகாதாரச் சட்டமும், மருத்துவமனைகளிலிருந்து தனியாக இயங்கும் பொதுச் சுகாதார இயக்ககமும், அதன் கீழே சுகாதார ஆய்வாளர்களும் கிராம சுகாதார செவிலியர்களும். இலங்கையில் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார வைத்திய அதிகாரிப் பிரிவுகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும். கையில் ஒரு கோடி இருந்து ஒன்றே ஒன்றுக்குத்தான் என்றால், அது இந்தக் காலிப் பணியிடங்களை நிரப்பப் போக வேண்டும், படுக்கைக்கு அல்ல. அழைப்பு மையம் வேண்டுமானால் அவர்களுக்குக் கீழே வேலை செய்யட்டும், அவர்களுக்கு மேலே அல்ல.

அடுத்தது பட்டியல். குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, ஆதார், வாக்காளர் பட்டியல் என்று நான்கு இருப்பதும் ஒன்றும் இல்லாததும் அவசரத்தில் ஒன்றுதான். வயதும் நாட்பட்ட நோயும் சேர்ந்த ஒரு பட்டியல் ஆரம்ப சுகாதார நிலைய அளவில் புதுப்பிக்கப்பட்டிருந்தால், ஊசியும் மாத்திரையும் உணவுப் பெட்டியும் அதன் வழியே போகும்.

மூன்றாவது, கிட் அனுமதிக்கும் ஆய்வக இணைப்புக்கும் முன்கூட்டியே எழுதிவைத்த விதி. நான்காவது, ஆக்சிஜன் குழாயின் அளவும் ஆள் உள்ள படுக்கையின் தினசரிப் பதிவேடும். புது மருத்துவமனைக் கட்டிடம் இந்த வரிசையில் கடைசி.

தனியார் மருத்துவமனைகள் நிறைந்த இடங்களுக்கு இன்னொன்றைக் கொரியாவிடமிருந்து எடுக்க வேண்டும், அதன் தாமதத்திலிருந்துதான். 2020 டிசம்பரில் சியோல் பகுதியில் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் தீர்ந்தபோது, பெரிய மருத்துவமனைகள் தங்கள் படுக்கைகளில் ஒரு சதவீதத்தைத் தர வேண்டும் என்று 18ஆம் தேதி அரசு உத்தரவிட்டது. நோயாளிகள் காத்திருக்கும்போது பேரம் பேசி வாங்கிய ஒரு சதவீதம் அது. அமைதிக் காலத்தில் ஒப்பந்தம் போட்டால் சதவீதம் உயரும், விலை குறையும். எத்தனை நாள் முன்னறிவிப்பில் எத்தனை படுக்கை, ஒரு படுக்கைக்கு எத்தனை செவிலியர், காலியாக வைத்த நாளுக்கு என்ன தொகை, நோயாளியிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, மீறினால் உரிமம் எத்தனை நாள் நிறுத்தம், மற்ற நோயாளிகளின் டயாலிசிஸும் பிரசவமும் எந்தக் கட்டிடத்துக்கு மாறும்: இந்த ஆறு வரிகளும் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனைகளைச் சேர்க்கும்போதே கையெழுத்தாகிவிட வேண்டும்.